ஒன்பது மாத டுல்டுங்

அன்றைக்கு நான் தரை துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

வாளியில் முக்கி எடுத்து, இரண்டு கையாலும் முறுக்கி, கடைசிச் சொட்டு விழும்வரை பிழிந்தேன். பிறகு திரும்பவும் முக்கினேன். தரை எப்போதோ துடைத்து முடிந்துவிட்டது. ஜேர்மனியின் எசன் நகரத்தில் அப்போது நாங்கள் இருந்த வீட்டில் சமையல் செய்கிற குசினி மிகச் சின்னது. ஜன்னலுக்குக் கீழே ட்ராம் திரும்புகிற சத்தம், சவர்க்காரத்தின் எலுமிச்சை வாசம், விரலிடுக்கில் வழிகிற சூடான தண்ணீர். விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

என் கணவர் நேசன் நகரத்துப் பஸ் சாரதி. அதிகாலை வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"பிழியிறன்."

"அது தெரியுது. ஏன் பிழியிறீர்?"

"ஏலுது. அதுதான்."

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் துணி பிழிகிற வேலை அவருடையது. போத்தல் மூடி திறப்பது, தேங்காய் துருவுவது, என் சட்டையின் பின் கொக்கியைப் பூட்டுவது எல்லாமே அவர்தான். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நோகேல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்கை, இன்னொருக்காப் பிழியும் பாப்பம்," என்றார். பிழிந்தேன். இரண்டு பேரும் வாளியைப் பார்த்துச் சிரித்தோம். எனக்குள் ஒரு பிள்ளை வந்து தங்கியிருப்பது அந்த நிமிடம் இருவருக்கும் தெரியாது.

கை விட்ட கதை

நான் வேலை செய்த பல் செய்யும் கூடத்தைப் பற்றி இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டார்: "அவ்வளவு ஆசைப்பட்ட வேலையை ஏன் அக்கா விட்டனீங்கள்?"

நான் எங்கே விட்டேன்? கைதான் விட்டது.

பல் வைத்தியர் எடுத்து அனுப்புகிற அச்சில் சாந்து ஊற்றி, அதன்மேல் மெழுகால் பல்லைக் கட்டவேண்டும். சின்னக் கரண்டியைச் சுடரில் காட்டி, மெழுகைத் தொட்டு, கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் சொட்டுச் சொட்டாக எழுப்ப வேண்டும். கூடத்து முதலாளியை மைஸ்டர் என்று கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் மெழுகுப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கலியாணமாகிக் கொஞ்சக் காலத்தில், ஒருநாள் காலையில் பல் துலக்கும் தூரிகையைப் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தன. மத்தியானம் ஆக ஆகக் கொஞ்சம் இளகும். மறுநாள் காலையில் திரும்பவும் பழையபடி.

எங்கள் ஆட்கள் வாதம் என்றார்கள். ஜேர்மன்காரர் ரொய்மா என்றார்கள். விஷயம் ஒன்றுதான். கிருமியோடு சண்டைபிடிக்க இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டுகளோடு சண்டைபிடிக்கின்றன.

மைஸ்டர் நல்ல மனிதர். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தொலைபேசிக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்காரவைத்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் புதிதாக வந்த பெட்டைகள் மெழுகைச் சுரண்டுகிற விதத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

நேசனுடைய அக்கா கமலா இரண்டு தெரு தள்ளி இருந்தார். எனக்கு மச்சாள் முறை. எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அவர் என் வருத்தத்தைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"உனக்கு எதிர்ப்புச் சக்தி காணாது, ராஜி. அதுதான் இந்த வருத்தம்."

"மச்சாள், எனக்கு அது கூடிப்போச்சு. அதுதான் வருத்தமே."

"கூடினா நல்லதுதானே?"

இதற்கு மேல் அவரோடு என்ன கதைப்பது? முருங்கையிலைத் தூள் வந்தது. கருஞ்சீரகம் வந்தது. இஞ்சியும் தேனும் ஊறிய போத்தல் கிழமைக்கு ஒன்று வந்தது. அவ்வளவும் அன்பு என்று தெரியும். அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

டொக்டர் சொன்ன சொல்

பிள்ளை உண்டாகியிருப்பது உறுதியான பிறகு ரொய்மா டொக்டரிடம் போனோம். உயரமான பெண்மணி. வெள்ளை மரச்செருப்பு போட்டிருப்பார். அறை முழுக்கப் புதினாத் தேநீர் மணக்கும். என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தவர் சிரித்தார். கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு இப்படிக் கை விடுபடும் என்றார். "அனுபவித்துக்கொள்ளுங்கள்," என்றும் சொன்னார்.

நேசன் எந்த அலுவலக அறையிலும் விளக்கம் கேட்காமல் எழும்பமாட்டார். ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டார். டொக்டர் கட்டிலில் விரித்திருந்த காகிதத்தில் ஒரு பெரிய வட்டமும் அதற்குள் ஒரு சின்ன வட்டமும் கீறினார். அவர் டொச் மொழியில், அதாவது ஜேர்மனில், சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நம் எல்லோருடைய இரத்தத்திலும் இயல்பாகவே சில புரதங்கள் இருக்கின்றன. சண்டைக்குப் போகிற அணுக்களிடம் 'போதும், பேசாமல் இரு' என்று சொல்வது அவற்றின் வேலை. கர்ப்ப காலத்தில் அப்படிப்பட்ட புரதங்கள் பெருகும். ஏனென்றால் பிள்ளையில் பாதி அப்பாவுடையது, உங்கள் உடம்புக்கு அது அந்நியம். முறைப்படி பார்த்தால் அதை வெளியே தள்ளவேண்டும். தள்ளாமல் இருப்பதற்காக இந்தப் புரதங்கள் அணுக்களை அடக்கிவைக்கின்றன. அந்த அமைதியில் உங்கள் மூட்டுகளும் தப்பித்துக்கொள்கின்றன."

யார் அந்தப் புரதங்களைச் செய்வது என்று நான் கேட்டேன்.

"சிலவற்றை உங்கள் உடம்பு செய்கிறது. ஒன்றைப் பிள்ளையே தன் ஈரலில் செய்து உங்கள் இரத்தத்துக்குள் அனுப்புகிறது. இவைதான் முழுக் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஹோர்மோன்களும் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் உடம்பு பிள்ளையைப் பொறுத்துக்கொள்கிறது."

பொறுத்துக்கொள்வதற்கு அவர் பயன்படுத்திய டொச் சொல் 'டுல்டன்'.

நேசனின் முகம் மாறிவிட்டது. "டுல்டுங்கோ?" என்று என்னைத் தமிழில் கேட்டார். பிறகு டொக்டரிடம் திரும்பி, டொச்சில், "அப்படியென்றால் ஒன்பது மாதம் முடிந்த பிறகு? நாடுகடத்தலா?" என்றார்.

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். நேசனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒருவகையில் அதுதான்," என்றார். "அதைத்தான் பிரசவம் என்கிறோம்."

பூச்சாடி வாங்காத மனிதர்

ஜேர்மனியில் இல்லாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். டுல்டுங் என்பது ஒரு காகிதம். அது தங்குவதற்கான அனுமதி இல்லை. உன்னைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், இப்போதைக்கு அனுப்பாமல் பொறுத்திருக்கிறோம் என்று அரசாங்கம் எழுதித் தருவது. சில மாதங்களுக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று நீட்டித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நீட்டாமலும் விடலாம்.

நேசன் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, இளமைக்காலம் முழுவதையும் அந்தக் காகிதத்தில் கழித்தவர். அலுவலகம் குறித்துக் கொடுத்த பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது. கமலா மச்சாளின் கலியாணம் பேர்லினில், நொய்கெல்ன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கூடப் பிறந்த தம்பி படத்தில்தான் பார்த்தார்.

அந்த வருடங்களில் அவர் ஒரு பூச்சாடிகூட வாங்கவில்லையாம். "நாளைக்கு அனுப்பினா ஆர் தண்ணி ஊத்துறது?" என்பார். அலுவலகத்துக்குப் போகும்போது மெதுவாகத்தான் நடப்பாராம், மெதுவாகத்தான் கதைப்பாராம். மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் கலியாணத்தின்போது அவரிடம் ஒழுங்கான விசா இருந்தது. ஆனால் அந்தச் சொல் காதுக்குள்ளேயே குடியிருந்தது. டொக்டர் அதைத் தட்டி எழுப்பிவிட்டார்.

இஞ்சிக்குத் தடை

அன்றிலிருந்து என் உடம்பு அவருக்கு வெளிநாட்டவர் அலுவலகம் ஆகிவிட்டது. என்னோடு குரல் உயர்த்திக் கதைக்கமாட்டார். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது பெரிய எரிச்சல். சண்டையில்லாத வீட்டில் எப்படி இருப்பது?

அதோடு நிற்கவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், குசினி அலுமாரியில் இஞ்சியைக் காணவில்லை. உள்ளிப்பூண்டு இல்லை, மஞ்சள் இல்லை, கருஞ்சீரகம் இல்லை. தோடம்பழம்கூட இல்லை.

"எதிர்ப்புச் சக்தி கூட்டுற சாமான் ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வேண்டாம்," என்றார். "அது கூடினா பிள்ளையை வெளியாலை தள்ளிப்போடும்."

எனக்குத் தடிமன் பிடித்தது. மூக்கு ஒழுக ஒழுக, இஞ்சி தட்டிப்போட்ட மல்லித்தண்ணி கேட்டேன். "பிள்ளை பிறந்தாப்பிறகு ஆசை தீரக் குடியும்," என்று வெறும் சுடுதண்ணி தந்தார். மீன்குழம்பு மஞ்சளும் உள்ளியும் இல்லாமல் வெளிறிப்போய்க் கிடந்தது. அதை வாயில் வைக்க ஏலாது. கோயில் விரதம் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும்.

விஷயம் தெரியாமல் மச்சாள் முருங்கையிலைத் தூளோடு வந்தார். நேசன் வாசலிலேயே மறித்தார்.

"அக்கா, இதைக் கொண்டுபோங்கோ."

"தம்பி, உனக்கு விசரே?"

"அவவின்ரை உடம்பு இப்பதான் கொஞ்சம் மனம் இளகி இருக்கு. நீங்கள் போய் உசுப்பிவிடாதேங்கோ."

"ஆரின்ரை மனம்?"

"இரத்தத்தின்ரை."

மச்சாள் அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. ஒரு பிள்ளைக்காக இந்த மனிதர் என் இரத்தத்துக்கே பணிந்து நடக்கிறாரே.

அடுத்த முறை போனபோது, இஞ்சியால் ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொன்னார். நேசன் தலையாட்டினார். வெளியே வந்ததும், "அவை அப்பிடித்தான் சொல்லுவினம்," என்றார்.

நானோ மெழுகுக்குத் திரும்பியிருந்தேன். கர்ப்பிணிகள் கூடத்துத் தூசியிலும் மருந்து வாசத்திலும் வேலை செய்யக்கூடாது. கை வந்த நேரம் சட்டம் குறுக்கே வந்துவிட்டதே என்று நான் புலம்பியதைக் கேட்டு, மைஸ்டர் தன்னுடைய அறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். மெழுகு மட்டும் செய் என்றார். காலையில் போய்ச் சுடரைப் பற்றவைத்தால் மத்தியானம்வரை எழும்பமாட்டேன். அந்த மாதங்களில் நான் கட்டிய பற்களால் எசன்காரர் சிலர் இன்றைக்கும் இறைச்சி மென்றுகொண்டிருக்கக் கூடும்.

அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. என் விரல்களை உள்ளேயிருந்து ஒரு பிள்ளை இளக்கி விட்டுக்கொண்டிருந்தது. முகம்கூடத் தெரியாத பிள்ளை.

எனக்கு வந்த ஏக்கம்

ஆரணி பிறந்தாள். சில கிழமைகளில் கை பழையபடி மூடிக்கொண்டது. பழையதைவிட மோசமாக.

பிள்ளைச் சட்டையில் பொத்தானுக்குப் பதிலாக அழுத்திப் பூட்டுகிற சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். அவற்றை என்னால் அழுத்த முடியவில்லை. தொட்டிலில் அவள் அழும்போது விரலை நம்பாமல், இரண்டு முழங்கையையும் அடியில் கொடுத்து நெஞ்சோடு சேர்த்து அள்ளித் தூக்குவேன். பால் கொடுக்கத் தலையணைகளை அடுக்கிவைத்து, நேசன் பிள்ளையைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். அவர் வேலைக்குப் போனால் மச்சாள் வருவார். கிழமைக்கு ஒருமுறை குடிக்கிற கடுமையான மாத்திரையை டொக்டர் தொடங்கினார். அது பாதி வலியைக் குறைத்தது. மீதியோடு நான் வாழப் பழகினேன்.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பலர், ஊரை நினைத்து ஏங்குகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஊரை விட்டு வரும்போது நான் சின்னப் பிள்ளை. எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான், அதற்காக இல்லாத ஏக்கத்தைக் காட்ட எனக்கு வராது. நான் ஏங்கியது அந்த ஒன்பது மாதத்துக்கு. அந்த இரத்தத்துக்கு. காலையில் எழும்பியதும் போர்வைக்குள் விரலை மெல்ல மடித்துப் பார்ப்பேன், ஒருவேளை இன்றைக்கு மடங்குமோ என்று. வருடக்கணக்காக அப்படிப் பார்த்தேன்.

இன்று ஆரணி பல்கலைக்கழகம் போகிறாள். எனக்கும் புதுவிதமான ஊசி வந்துவிட்டது. அதுவும் ஒரு புரதம்தான், அணுக்களை அடக்குவதற்காக ஆய்வுகூடத்தில் செய்வது. கை பரவாயில்லை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது குளிர்பெட்டியிலிருந்து வருகிறது. அன்றைக்கு வந்தது என் பிள்ளையிடமிருந்து.

பிள்ளையோ, கையோ

ஆரணி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது இன்னொரு பிள்ளை வேண்டும் என்றேன்.

டொக்டர் மறைக்காமல் சொன்னார். அந்த மாத்திரையோடு பிள்ளை உண்டாகவே கூடாது. பல மாதம் முன்னதாக நிறுத்தவேண்டும். அந்த இடைவெளியில் மூட்டு திருத்த முடியாதபடி கெட்டுப்போகலாம். போனமுறை வந்த அமைதி இந்தமுறை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வீட்டுக்கு வந்து, தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, நேசன் எதிரே உட்கார்ந்தார்.

"ராஜி, உமக்குப் பிள்ளை வேணுமோ, கை வேணுமோ?"

பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் மெழுகின் வாசம் வந்தது. எது எதற்காக என்று பிரிக்க முடியவில்லை.

"ரெண்டும்," என்றேன்.

"ரெண்டும் எண்டாச் சரி. கைக்காக மட்டும் ஒரு பிள்ளையைக் கூப்பிடாதேயும். அது பாவம்."

அவர் சொன்னது என்னைச் சுட்டது. அவர்மேல் கோபிக்கவும் முடியவில்லை.

மாத்திரையை நிறுத்தினேன். அந்தக் காலம் மாதிரி ஒரு காலம் எதிரிக்கும் வரவேண்டாம். மூட்டுகள் அவித்த கிழங்கு மாதிரி வீங்கின. இடது நடுவிரல் வளைந்தது வளைந்ததுதான், இன்றைக்கும் நிமிரவில்லை. ஒவ்வொரு மாதமும் காத்திருந்து ஏமாந்தோம். மச்சாள், "போதும் பிள்ளை, ஒண்டு இருக்குத்தானே," என்று என் விரல்களுக்கு நல்லெண்ணெய் தடவினார்.

கோடை முடிகிற நேரம், ஒரு காலை நான் சப்பாத்துக் கயிற்றை நானே கட்டிவிட்டேன். கட்டி நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. பரிசோதித்துப் பார்க்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. நேசனுக்கு முன்னால் கையை விரித்து மடக்கிக் காட்டினேன். அவர் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

இந்தமுறை அவர் துணிச்சலாக இருந்தார். வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். குசினியில் இஞ்சி இருந்தது, உள்ளி இருந்தது. மல்லித்தண்ணி கேட்டால் அவரே அவித்துத் தந்தார். "இப்ப அனுபவம் வந்திட்டுதுதானே," என்றார்.

இறுக்கிப் பின்னுங்கோ

நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆரணியைப் பாலர் பள்ளிக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தேன். தலை வாரி, முடியை மூன்றாகப் பிரித்து, பின்னலின் முதல் மடிப்பைப் போட்டேன். இரண்டாவது மடிப்பில் விரல் மடங்கவில்லை.

"அம்மா, இறுக்கிப் பின்னுங்கோ," என்றாள்.

திரும்பவும் முயன்றேன். வலது ஆட்காட்டி விரலின் அடி மூட்டில் அந்தச் சூடு. எனக்கு நன்றாகத் தெரிந்த சூடு. ஆரணியின் முடியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். "கை நோகுது."

நேசன் சீருடைச் சட்டையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஆரணியின் முடியை என் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்து, மீதியைத் தானே பின்னி முடித்தார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் படம் பார்க்கிற டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நீண்ட நேரம் தேடினார். அவர் சொல்வதற்காக நான் காத்திருக்கவில்லை. என் பிள்ளை தன் வேலையை நிறுத்திவிட்டது என்று என் கை காலையிலேயே சொல்லிவிட்டது.

நடைபாதையில் நேசன் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"நான் இந்தமுறை இஞ்சியை எறியேல்லை," என்றார்.

"அது இஞ்சியாலை இல்லையப்பா."

"எறிஞ்சிருக்கலாம். என்ன குறைஞ்சு போயிருப்பம்?"

அவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்லுவேன்? எனக்கு ஆறுதல் சொல்லவே ஆள் தேவைப்பட்டது.

முடிவுத் திகதி இல்லாமல்

சில கிழமைக்குப் பிறகு ரொய்மா டொக்டரிடம் போனோம். இரண்டு மணிக்கட்டும் வீங்கி, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். நேசன் முதலில் இஞ்சியைப் பற்றிக் கேட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, இஞ்சியாலும் இல்லை, நீங்கள் இருவரும் செய்த எதனாலும் இல்லை என்று அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், இன்றைக்கே மாத்திரையைத் தொடங்குவோம் என்றார்.

"வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

வருடக்கணக்காக வலியில்லாத கைக்கு ஏங்கியவள் நான். எனக்கே என் பதில் விசித்திரமாக இருந்தது. இந்த வலிதான் அந்தப் பிள்ளை இருந்ததற்கு ஒரே சாட்சி என்றேன். அது என் கையைத் திறந்தது, போனபோது கை மூடிக்கொண்டது. மாத்திரை குடித்து வலி போய்விட்டால், பிள்ளை வந்துபோனதே இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பெயர்கூட இல்லை.

டொக்டர் கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"கர்ப்பத்தில் புரதங்கள் மட்டும் வருவதில்லை," என்றார். "பிள்ளையின் அணுக்களிலும் கொஞ்சம் தாயின் இரத்தத்துக்குள் வந்துவிடும். பிறக்காமல் போன பிள்ளையுடையவையும் வரும். பல பெண்களின் உடம்பில் அவை பிறகும் தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். உங்களுக்குள்ளும் இருக்கக்கூடும். நான் தருகிற மாத்திரை அவற்றைத் தேடிப் போகாது."

நேசன் முன்னால் குனிந்தார்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"வருடக்கணக்காக. சிலருக்கு ஆயுள் முழுக்க. முடிவுத் திகதி எதுவும் கிடையாது." அதற்கு அவர் சொன்ன டொச் சொல் 'உன்பெஃப்ரிஸ்டட்'. நிரந்தர விசாவில் எழுதியிருக்கிற அதே சொல். டொக்டருக்கு அது சாதாரணமாக வாயில் வந்த வார்த்தை.

நேசன் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டில் அழவில்லை. டுல்டுங் காலத்தில் ஒருநாளும் அழுததில்லை என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். அந்த அறையில், ஒரு ஜேர்மன் பெண்ணுக்கு முன்னால், தோள் குலுங்க அழுதார். டொக்டர் புதினாத் தேநீரை ஒரு கோப்பையில் ஊற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்தார். நான் மாத்திரைக்கான சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வெளியே குளிர் காற்று. ட்ராம் தரிப்பிடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நேசன், என்னால் பூட்ட முடியாத என் ஜக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டார்.

"நேசன், பிள்ளைதான்," என்றேன்.

"என்ன பிள்ளை?"

"அண்டைக்குக் கேட்டனீங்கள். பிள்ளையோ, கையோ எண்டு."

அவர் என் கழுத்துத் துணியைச் சரிசெய்தார். "தெரியும்," என்றார்.

ட்ராம் வந்தது. என் கையைப் பிடித்தால் நோகும் என்று முழங்கையில் பிடித்து என்னை ஏற்றிவிட்டார்.